தட்டம்மையும் கரிசல் நாட்டுக் குழந்தைகளும்: ஒரு தடுப்பு வரலாறு

நோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மக்கள் அஞ்சிய நோய்களைப் பற்றியே எழுதுகின்றனர். திருநெல்வேலிச் சீமையின் பழைய வரலாற்றைப் புரட்டுவோர் பெரியம்மையையும் வாந்திபேதியையும் அடிக்கடி சந்திப்பர். ஆனால் மாசி, பங்குனி மாதங்களில் வீட்டுக்கு வீடு வந்து, சில குழந்தைகளைக் கொண்டுபோய், வந்த சுவடு தெரியாமல் மறைந்த தட்டம்மையைச் சந்திப்பது அரிது. "எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து போவதுதானே" என்றனர் தாய்மார். அதிகாரிகளும் மேய்ப்பர்களும் ஏறக்குறைய அதையே நம்பினர். இவ்வாறு மக்கள் அஞ்சாத இந்நோய், 1963-ஆம் ஆண்டில் தடுப்பூசி வழக்கத்துக்கு வருமுன், உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 26 இலட்சம் உயிர்களைக் கவர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளின் குழந்தைகள்.

கடம்பூரை நடுவாகக் கொண்ட கரிசல் வட்டாரத்தைக் கண்முன் நிறுத்தி, இந்நோயைத் தடுக்க மனிதர் செய்த முயற்சியின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. மருந்துக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்தபோதெல்லாம் தட்டம்மை பின்வாங்கியது. அத்தொலைவு கூடியபோதெல்லாம் திரும்பி வர வழி தேடியது. அத்தொலைவு சில வேளைகளில் மைல் கணக்கில் அளக்கத்தக்கது. சில வேளைகளில் நம்பிக்கையின் குறைவால் அளக்கத்தக்கது.

நிலமும் வழக்கமும்

மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் இருப்புப்பாதையில் கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடையே கடம்பூர் அமைந்துள்ளது. இரயிலில் செல்வோர் அதனைப் போளியின் பெயரால் அறிவர். ஊரைச் சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் பயறு வகைகளும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கப்படுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் ஆடவர் பிழைப்புத் தேடி வெளியூர் செல்வர். பெண்கள் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று மக்கள் வழங்கும் தொழிற்கூடங்களுக்குச் செல்வர். 1986-ஆம் ஆண்டு வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

மணலை வாரி உடம்பெங்கும் இறைத்தாற்போல் சிவந்த பொரிகள் எழுவதால் இந்நோய்க்கு 'மணல்வாரி' என்ற பெயரும் உண்டு. ஈழத்தமிழர் இதனைச் 'சின்னமுத்து' என்பர். அம்மை எனப்படும் நோய்கள் யாவும் அன்னையின் வருகை என்று நம் மக்கள் கருதி வந்துள்ளனர். சாத்தூருக்கு அருகிலுள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோவில் இந்நம்பிக்கையின் பெரிய நிலைக்களன். அம்மை கண்ட வீட்டின் நிலையில் வேப்பிலை செருகுவர். அயலார் உள்ளே வருவதில்லை. அவ்வீட்டார் பிறர் வீட்டுக்குச் செல்வதில்லை. அடுப்பில் தாளிப்பதில்லை. குழந்தைக்கு இளநீரும் மோரும் கூழும் கொடுப்பர். பொரிகள் வாடியபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவர். அதன்பின்னரே வீடு பழைய நிலைக்குத் திரும்பும்.

இவ்வழக்கங்களை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. காய்ச்சலில் வாடும் குழந்தைக்கு நீராகாரம் கொடுப்பது நன்று. நோயாளியைத் தனிமைப்படுத்துவதும் நன்று. ஆனால் தட்டம்மையைப் பொறுத்தமட்டில் தனிமை காலந்தாழ்ந்தே தொடங்குகின்றது. பொரி எழுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே குழந்தை நோயைப் பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகின்றது. அப்போது அதற்கு இருப்பது சளியும் இருமலும் காய்ச்சலும் கண் சிவப்புமே. வேப்பிலை நிலையில் ஏறுமுன் தெருக் குழந்தைகள் பலருக்கும் நோய் சென்று சேர்ந்துவிடும். நோய்க்கிருமி காற்றில் இரண்டு மணி நேரம் வரை உயிர்த்திருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் நோயாளியுடன் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேரை அது பற்றும்.

வழக்கத்தில் தீங்கான பகுதியும் உண்டு. அம்மைக்கு மருந்து கொடுத்தால் அன்னை சினங்கொள்வாள் என்று அஞ்சி, மூச்சுத்திணறும் குழந்தையையும் மருத்துவரிடம் கொண்டுசெல்லாத வீடுகள் இருந்தன. முட்டை, மீன் போன்ற சத்துணவு விலக்கப்பட்டது. இவற்றைப் பிற சமயத்தாரின் குறையாக மட்டும் பேசுவதும் நேர்மையன்று. நம் சபையாரின் வீடுகளிலும் வேப்பிலை செருகப்பட்டதுண்டு. வேப்பிலையைக் கைவிட்டோரிலும் பலர், குழந்தை இறந்தபோது, "கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லி அமைந்தனர். அன்னையின் சினம் என்பதும் ஆண்டவரின் சித்தம் என்பதும் இறையியலில் வெவ்வேறானவை. ஆயினும் தடுக்கக்கூடிய மரணத்தைத் தடுக்க முடியாததாக எண்ணச் செய்வதில் இரண்டும் ஒரே வேலையைச் செய்தன.

தீவுகள் கற்பித்தது

கரிசல் ஊர்களில் இந்நோய் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை மிகுதியாக வந்து போயிற்று. வளர்ந்தோர் யாவரும் சிறுவயதிலேயே அதனைக் கண்டு தேறியவர்கள். ஆகவே அது குழந்தை நோயாகவே தோன்றியது. நோயின் உண்மை இயல்பை அறிய, அது நெடுங்காலம் எட்டிப் பாராத இடங்களை நோக்க வேண்டியதாயிற்று.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பாரசீக மருத்துவர் அல்-ராஸி பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி நூலெழுதினார். தட்டம்மையே அதிகம் அஞ்சத்தக்கது என்பது அவர் கருத்து. அதன்பின் பல நூற்றாண்டுகள் கழித்து, 1846-ஆம் ஆண்டில், டென்மார்க்கு நாட்டின் ஆட்சிக்குட்பட்ட ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவிற்று. அங்கு அனுப்பப்பட்ட இளம் மருத்துவர் பீட்டர் பானும் ஊர் ஊராகச் சென்று நோயைக் கணக்கிட்டார். ஏறத்தாழ 7,800 மக்களில் 6,000 பேர் நோயுற்றனர். முந்திய முறை அந்நோய் அங்கு வந்தது 1781-இல். அதாவது 65 ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது நோய் கண்டு பிழைத்த முதியோரை அது மறுபடி தீண்டவில்லை. ஒருமுறை கண்டவருக்கு வாழ்நாள் முழுதும் காப்பு உண்டு என்பதும், தொற்றிய நாளுக்கும் பொரி எழும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ 14 நாட்கள் என்பதும் இவ்வாறு உறுதிப்பட்டன. தடுப்பூசி என்ற எண்ணத்துக்கு அடிப்படை இங்கே இடப்பட்டது.

ஃபிஜித் தீவுகள் கற்ற பாடம் இன்னும் கொடியது. 1875-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அத்தீவுகளின் தலைவர் தாக்கொம்பாவும் அவருடைய மக்களும் சிட்னி நகரத்திலிருந்து டைடோ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் திரும்பினர். கப்பலில் தட்டம்மை இருந்தது. அவர்களை வரவேற்கக் கூடிய சிற்றரசர்கள் நோயைத் தத்தம் ஊர்களுக்குக் கொண்டுசென்றனர். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தனர். குழந்தை நோய் என்று நாம் எண்ணிய ஒன்று ஒரு நாட்டின் மக்களில் நான்கில் ஒரு பங்கைக் கவர்ந்தது. நீராவிக் கப்பலும் இருப்புப்பாதையும் மனிதரோடு நோயையும் ஏற்றிச் செல்லும் என்பதை உலகம் அன்று கண்டது. கடம்பூர் வழியே இரயில் ஓடத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளையொட்டியே.

பெரியம்மைக்கு வழி, தட்டம்மைக்கு இல்லை

நம் வட்டாரத்தில் கிறிஸ்தவ ஊழியர் நோயைச் சந்தித்த வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. 1854-ஆம் ஆண்டில் தாமஸ் ராக்லண்டு ஐயர் வட திருநெல்வேலிச் சுற்றுப்பிரயாண ஊழியத்தைத் தொடங்கினார். சிவகாசியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் ஊர்களையும் கூடாரத்தில் தங்கியவாறே சுற்றிவந்த அவர், 1858-இல் சிவகாசியிலேயே காலமானார். ஊரைத் தேடிச் செல்வது அவருடைய முறை. மருத்துவ ஊழியம் பிற்பாடு வந்தபோது வேறு முறையில் அமைந்தது. 1870-ஆம் ஆண்டில் மருத்துவராகவும் குருவானவராகவும் இருந்த ஸ்ட்ராக்கன் நாசரேத்தில் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கு நோயாளிகள் தேடி வந்தனர். வருவது எளிதாக இருந்தவர்களுக்கு அது பெரும் நன்மை. ஆனால் வறண்ட கரிசலின் உள்ளூர்களிலிருந்து காய்ச்சலுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு செங்காட்டு நாசரேத்துக்கு எத்தனை தாய்மார் சென்றிருக்க முடியும்? 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியும் நோயும் கைகோத்து வந்தபோது இத்தொலைவின் பொருள் நன்கு விளங்கியது.

பெரியம்மைக்கு மட்டும் வேறொரு வழி இருந்தது. எட்வர்டு ஜென்னர் 1796-இல் கண்டறிந்த முறை 1802-ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு வந்தது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் பின்னாளில் அதற்கான பாலைத் தயாரித்தது. 'அம்மை குத்துகிறவர்' ஊர் ஊராக நடந்தார். தாய்மார் குழந்தைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தனர். எனினும் தலைமுறைகள் கடந்தபின் தோளில் தழும்பு இல்லாதவரைக் காண்பது அரிதாயிற்று. 1975-இல் இந்தியாவில் பெரியம்மை முடிவுற்றது. 1980-இல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மையை ஒழித்தது நடந்துசென்ற கால்களே என்று கூறினால் மிகையாகாது. தட்டம்மைக்கோ அக்காலம் முழுவதும் ஒரு மருந்தும் இல்லை.

மருந்தும் அதன் எல்லையும்

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகிலிருந்த பள்ளியொன்றில் தட்டம்மை பரவியது. ஜான் எண்டர்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர் தாமஸ் பீபிள்ஸும் டேவிட் எட்மன்ஸ்டன் என்ற மாணவனின் இரத்தத்திலிருந்து நோய்க்கிருமியைப் பிரித்தெடுத்தனர். அக்கிருமியை மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்து 1963-இல் தடுப்பூசியை உருவாக்கினர். நம் நாட்டில் இன்று குழந்தைகளுக்குப் போடப்படும் ஊசியிலுள்ள எட்மன்ஸ்டன்-சாக்ரப் என்னும் வகையும் அந்தக் கிருமியின் வழிவந்ததே.

இந்த ஊசி ஏழை நாடுகளுக்கே மிகவும் தேவை என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் டேவிட் மோர்லி. நைஜீரியாவில் இலேஷா என்னுமிடத்து மெதடிஸ்டு மிஷன் மருத்துவமனையில் அவர் குழந்தை மருத்துவராகப் பணியாற்றினார். மேலைநாட்டுப் பாடநூல்கள் எளிய நோயென்று கூறிய தட்டம்மை, அங்கே குழந்தைகளைக் கொல்வதை அவர் கண்டார். நோய் நீங்கிய பின்னும் பல வாரங்கள் எடை குறைந்து, வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் குழந்தைகள் இறந்தனர். இமேசி என்னும் கிராமத்தில் புதிய தடுப்பூசியைச் சோதிப்பதிலும் அவர் பங்குகொண்டார். ஒவ்வொரு குழந்தையின் எடையையும் மாதந்தோறும் குறித்து, அந்த அட்டையைத் தாயின் கையிலேயே கொடுத்துவைக்கும் முறையைப் பரப்பினார். மருத்துவமனையின் ஏட்டில் இருந்த அறிவை வீட்டின் கூரைக்கடியில் கொண்டுவைத்த செயல் அது. இந்தியாவிலும் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே தம்பதியினர் 1970-இல் மராட்டிய நாட்டு ஜாம்கேடு என்னும் வறண்ட வட்டாரத்தில் கிராமப் பெண்களையே நலப் பணியாளராகப் பயிற்றுவித்தனர்.

மோர்லி கண்டதற்கு அறிவியல் விளக்கம் அண்மையில் கிடைத்துள்ளது. தட்டம்மைக் கிருமி உடலின் நோயெதிர்ப்பு நினைவையே அழிக்கின்றது. 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று, நோயுற்ற குழந்தைகள் முன்பு பெற்றிருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை இழந்துவிட்டனர் என்று காட்டியது. "அம்மை கண்ட பிறகு பிள்ளை தேறவே இல்லை" என்று கரிசல் நாட்டுத் தாய் சொன்னது வெறும் புலம்பலன்று. அது சரியான நோய்க்குறிப்பு.

சோறும் கண்ணும்

தட்டம்மையின் கொடுமை குழந்தையின் தட்டில் தீர்மானிக்கப்படுகின்றது. உடலிலுள்ள வைட்டமின் ஏ சத்தை இந்நோய் விரைந்து கரைக்கின்றது. ஏற்கெனவே அச்சத்துக் குறைந்த குழந்தையின் கருவிழி சில நாட்களிலேயே உருகிப் பார்வை போய்விடும். இத்துறையில் கரிசல் நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது.

எட்டயபுரம் வட்டாரத்து அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியபோதும் கண் அறுவை மருத்துவத்தைக் கற்றுத் தேர்ந்தார். 1976-இல் அவர் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை உலகமே அறியும். ஆனால் அதற்கு முன்பே, 1971-இல், சத்துக்குறைவால் பார்வை இழக்கும் குழந்தைகளுக்காக மதுரை அரசு மருத்துவமனையைச் சார்ந்து அவர் ஏற்படுத்திய ஊட்டச்சத்து மறுவாழ்வு நிலையத்தைப் பலர் அறியார். வீட்டுப் புழக்கடையில் நிற்கும் முருங்கையின் கீரையே கண்ணைக் காக்கும் மருந்து. அதனைச் சமைத்துக் குழந்தைக்கு ஊட்டும் முறையைத் தாயர் அறிந்தால் போதும்.

பின்னர் லட்சுமி ரஹ்மதுல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடையே ஆய்வொன்று நடத்தினர். வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ வீட்டுக்கே கொண்டுசென்று கொடுக்கப்பட்டது. அதனைப் பெற்ற குழந்தைகளின் மரணம் 54 விழுக்காடு குறைந்தது. 1990-இல் வெளியான இவ்வாய்வு உலகெங்கும் மருத்துவரின் கவனத்தை ஈர்த்தது. இன்று ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு ஒரு இலட்சம் அலகு வைட்டமின் ஏ கொடுப்பது நாட்டின் நடைமுறை. தட்டம்மை கண்ட குழந்தைக்கும் அடுத்தடுத்து இரண்டு நாட்கள் அது கொடுக்கப்பட வேண்டும்.

உணவைப் பற்றிப் பேசும்போது எட்டயபுரத்தை மறுபடியும் குறிப்பிட வேண்டும். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளி மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் அங்கே தொடங்கிவைத்தார். 1980-இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், பள்ளிக்குச் செல்லாத சிறு குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் வந்தது. இவை யாவும் தட்டம்மைக்காக ஏற்பட்டவை அல்ல. ஆயினும் பசியாறிய குழந்தையை அந்நோய் எளிதில் கொல்ல இயலவில்லை.

ஊசி ஊருக்கு வந்த வரலாறு

உலக சுகாதார நிறுவனம் 1974-இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியா 1978-இல் அதனை மேற்கொண்டபோது தட்டம்மை ஊசி அதில் இடம்பெறவில்லை. 1985-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள், இந்திரா காந்தியின் நினைவாக, அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தட்டம்மை ஊசி சேர்க்கப்பட்டது. சில மாவட்டங்களில் தொடங்கிப் படிப்படியாக 1990-ஐ ஒட்டி நாடு முழுவதும் பரவியது.

மேலைநாட்டில் மருந்து கிடைத்து 22 ஆண்டுகள் கழித்தே அது நம் நாட்டின் திட்டத்தில் சேர்ந்தது. இத்தாமதத்துக்குப் பணமும் காரணம், வெயிலும் காரணம். தட்டம்மை ஊசி மருந்து உயிருள்ள கிருமியாலானது. 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிரிலேயே அதனை வைத்திருக்க வேண்டும். பொடியாக வரும் மருந்தை உரிய நீரில் கரைத்தபின் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் ஊருக்கு இதனைக் கொண்டுசெல்வது எளிய செயலன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் எடுத்துக்கொண்டு, பேருந்திலும் நடையிலுமாகச் சென்று, மரத்தடியிலும் அங்கன்வாடியிலும் ஊசி போட்டவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரே. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாளாக நிலைபெற்றது. எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைகின்றது என்பதைச் செவிலியரின் பதிவேடு அறிந்திருந்தது. ராக்லண்டு ஐயரின் கூடார முறையும் அம்மை குத்துகிறவரின் நடையும் இவர்களிடம் மறுபடி உயிர்பெற்றன எனலாம்.

ஒன்பதாம் மாதம் என்ற கணக்குக்கும் காரணம் உண்டு. தாயிடமிருந்து பெற்ற காப்பு குழந்தையின் உடலில் சில மாதங்கள் நிலைக்கும். அது இருக்கும்வரை ஊசி நன்கு வேலை செய்யாது. மிகவும் தாமதித்தாலோ நோய் முந்திக்கொள்ளும். ஒன்பதாம் மாதத்தில் ஊசி பெறும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 85 பேருக்கே காப்பு உண்டாகின்றது. ஓர் ஊரில் 200 சிறு குழந்தைகள் உள்ளனர் என்று கொள்வோம். பத்தில் ஒன்பது பேர் ஊசி பெற்றால் 180 பேர். அவர்களில் காப்புப் பெற்றவர் 153 பேர். எஞ்சிய 47 பேர் நோய்க்குத் திறந்த வாயிலில் நிற்கின்றனர். பரவலை நிறுத்த நூற்றுக்கு 95 பேருக்கேனும் காப்பு வேண்டும். எனவேதான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை தேவையாயிற்று. இந்தியாவில் அது 2010 முதல் படிப்படியாக வழக்கத்துக்கு வந்தது.

தொலைவு கூடிய காலம்

இவ்வரலாறு ஏறுமுகமாக மட்டும் செல்லவில்லை. 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தனர். நாடே துயருற்றது. இனி மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஊசி போட வேண்டுமென்று அரசு முடிவு செய்தது. குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதிய முடிவு அது. அன்றைய நிலையில் அதனைக் குறைகூறுவது எளிதன்று. ஆனால் மரத்தடியில் கிடைத்த ஊசிக்காகத் தாய் இப்போது பேருந்து ஏற வேண்டியதாயிற்று. தீப்பெட்டி ஆபீசில் ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்றுவருவது ஏழைக்குச் சிறு செலவன்று.

தேசியக் குடும்ப நல ஆய்வின் எண்கள் கருதத்தக்கவை. தமிழ்நாட்டில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்ற குழந்தைகள் 2005-06-இல் ஏறத்தாழ 81 விழுக்காடு. 2015-16-இல் அது 70 விழுக்காட்டுக்கு இறங்கியது. வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கலாம். ஆயினும் தொலைவுக்கு அதில் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது. ஊசி மீண்டும் ஊர்களை நாடிச் சென்றது. 2019-21-இல் அவ்வெண் 89 விழுக்காடாக உயர்ந்தது.

2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து பகுதிகளில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அது போடப்பட்டது. அப்போது வேறு வகைத் தொலைவு தோன்றியது. ஊசியால் குழந்தைகள் இறப்பர், மலடாவர் என்ற வதந்திகள் கைப்பேசி வழியே ஒரே இரவில் ஊர்களைச் சுற்றிவந்தன. பெற்றோர் பலர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அரசு இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. முன்னாளில் குதிருக்குப் பின்னால் குழந்தையை ஒளித்த தாயை அறியாதவள் என்றோம். இப்போது ஒளித்தவர்கள் படித்த பெற்றோர். அறிவு வளர்ந்த அளவுக்கு நம்பிக்கை வளரவில்லை என்பதே இதன் பொருள்.

கொரோனாக் காலத்தில் தடுப்பூசிப் பணி தடைப்பட்டதன் விளைவு 2022-இன் இறுதியில் மும்பையின் நெரிசல் மிகுந்த பகுதிகளில் தெரிந்தது. அங்கே தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தனர். இலங்கை தட்டம்மையை ஒழித்துவிட்டதாக 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. போரின் காயங்கள் ஆறாத தீவு, பொது நலப் பணியில் நம் எல்லோருக்கும் முன்மாதிரியானது. அங்கும் 2023-இல் சின்னமுத்து மறுபடி தலைகாட்டியது. பெரியம்மையைப் போல் ஒழிந்தது என்று எழுதி முடிக்க, தட்டம்மையின் வரலாறு இன்னும் இடங்கொடுக்கவில்லை. 2023-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,07,500 பேர் இந்நோயால் இறந்தனர் என்பது மதிப்பீடு. முன்னாளைய 26 இலட்சத்தோடு ஒப்பிட இது பெரும் வெற்றி. தன் குழந்தையை இழந்த தாய்க்கு அந்த ஒப்பீடு ஆறுதலாகாது.

திருச்சபை கருதவேண்டுவன

இவ்வரலாற்றிலிருந்து நம் சேகரங்களுக்குச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஊசி போடுவது செவிலியரின் பணி. அதனைப் பிறர் செய்ய இயலாது. ஆனால் தொலைவைக் குறைப்பது எல்லோராலும் இயலும். ஞானஸ்நானத்துக்காகக் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரின் பெயர் சபை ஏட்டில் பதிகின்றது. குழந்தை பிறந்த நாளும் அதில் உள்ளது. ஒன்பது மாதம் நிறைவதை உபதேசியார் எண்ணிப் பார்த்து நினைவூட்டலாம். ஒன்றரை வயதில் வரவேண்டிய இரண்டாம் தவணையே பெரும்பாலும் மறக்கப்படுவது. அதனைப் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் தம் வீடு சந்திப்பில் விசாரிக்கலாம். கூலியை விட்டுவர இயலாத தாயின் குழந்தையை அழைத்துச் செல்ல அண்டை வீட்டார் முன்வரலாம்.

சபைக்குப் புறம்பேயுள்ள வீடுகளுக்கும் இது பொருந்தும். நோய் சமயம் பார்த்துப் பரவுவதில்லை. நூற்றில் 95 பேர் காப்புப் பெற்றால்தான் எஞ்சிய ஐவரும் பிழைப்பர் என்ற கணக்கில், என் குழந்தை என்றும் பிறர் குழந்தை என்றும் பிரிக்க இடமில்லை. வேப்பிலை செருகிய வீட்டுக்குச் செல்லும் ஊழியர் முதலில் அந்நம்பிக்கையோடு வாதிடத் தொடங்கினால், கதவு மூடிக்கொள்ளும். குழந்தை மூச்சுவிடுவது எப்படி, பால் குடிக்கின்றதா, கண் திறக்கின்றதா என்று கேட்டால், தாய் பதில் சொல்வாள். வேப்பிலை இருந்தபடியே இருக்கலாம். வைட்டமின் ஏ கொடுக்கப்படட்டும்.

நம் கல்லறைத் தோட்டங்களில் பெயரெழுதப்படாத சிறு மேடுகள் பல உள்ளன. அவற்றுள் எத்தனை தட்டம்மையால் எழுந்தவை என்று எவரும் எண்ணிவைக்கவில்லை. அது எண்ணத்தக்க நோயென்று அன்று கருதப்படவில்லை. இன்று ஒவ்வொரு குழந்தையின் அட்டையிலும் இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்பதாம் மாதத்துக்கு ஒன்று. ஒன்றரை வயதுக்கு ஒன்று. கடம்பூரைச் சுற்றிய கரிசல் ஊர்களில் அவ்விரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று வீடு வீடாகச் சென்று பார்ப்பது, நமக்கு விடப்பட்டுள்ள பணி.